வேலூர் வெயிலில் கணினிக் கேபினெட்டைத் திருத்தி அமைத்தல்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அக்னி நட்சத்திரம் தொடங்கும் மே 4ஆம் தேதியை ஒட்டி, வேலூரில் மொட்டைமாடிக்கு நேர்கீழே உள்ள ஓர் அறையில் பிற்பகல் மூன்று மணிக்கு வெப்பமானியை வைத்துப் பார்த்தால், மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கும்போதே அது 37, 38 டிகிரி காட்டுவது இங்கே யாருக்கும் வியப்பளிக்காது. பகல் முழுவதும் சூடேறிய கான்கிரீட் கூரையும் ஊரைச் சுற்றி நிற்கும் பாறைக் குன்றுகளும் அந்தச் சூட்டை இரவிலும் வெகுநேரம் விட்டுக்கொண்டே இருப்பதால், இருட்டிய பிறகும் அறை எளிதில் தணிவதில்லை. அப்படிப்பட்ட அறையில் வீடியோ எடிட்டிங்கோ விளையாட்டோ ஓடும்போது கணினி திடீரென்று மந்தமாகிறது, ஃபேன்கள் இரைகின்றன, சில நேரம் எல்லாம் தானாகவே அணைந்துவிடுகின்றன. இதற்குத் தீர்வாகப் பலரும் முதலில் செய்வது இன்னும் இரண்டு ஃபேன்களை வாங்கி மாட்டுவதுதான். ஆனால் முகப்பு முழுவதும் கண்ணாடியால் அடைக்கப்பட்ட கேபினெட்டில் எத்தனை ஃபேன் மாட்டினாலும், சாத்திய சன்னலுக்குப் பின்னால் மின்விசிறியை நிறுத்திய கதையாகவே அது முடியும். காற்று நுழையவும் வெளியேறவும் வாசல் திறப்பதே முதல் வேலை என்பதும், அழகுபடுத்தும் வேலையை அந்த வாசலிலேயே செய்யலாம் என்பதும் காட்பாடியில் என் வீட்டுக் கணினியையும் நண்பர்களின் கணினிகளையும் திருத்தி அமைத்ததில் நான் கற்றுக்கொண்டவை. இந்தக் கட்டுரை அந்த வரிசையிலேயே செல்கிறது.

வேலையைத் தொடங்கும் முன் மனத்தில் இருத்த வேண்டிய உண்மை ஒன்று உண்டு. காற்றால் குளிரும் எந்தக் கணினியும், அதில் தண்ணீர்க் குழாய் வைத்த கூலர் இருந்தாலும்கூட, அறையின் வெப்பநிலைக்குக் கீழே போக முடியாது. நம் கையில் இருப்பது அறைக்கும் பிராசசருக்கும் இடையே உள்ள வேறுபாடு மட்டுமே. 25 டிகிரி அறையில் 75 டிகிரியில் ஓடும் பிராசசர், அதே வேலையை 38 டிகிரி அறையில் செய்யும்போது ஏறத்தாழ 88 டிகிரிக்குப் போய்விடும். இன்டெல் பிராசசர்கள் பலவும் 100 டிகிரியை நெருங்கும்போதும், ஏஎம்டியின் ரைசன் வகைகள் பலவும் 90 அல்லது 95 டிகிரியிலும், தம்மைக் காத்துக்கொள்ளத் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். குளிரூட்டிய அறையில் குறையே தெரியாத ஒரு கேபினெட் நம் ஊர்க் கோடையில் தோற்றுப்போவது இதனால்தான். வேறுபாட்டில் 8 டிகிரியைக் குறைக்க முடிந்தால், அது இங்கே பெரிய வெற்றி.

முதலில் அளவெடுத்தல்

கையில் டிரில்லை எடுப்பதற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுக்க வேண்டும். கேபினெட்டின் முகப்பிலிருந்து ஒரு சாண் தள்ளி, ஃபேன் காற்று நேரடியாகப் படாத இடத்தில் சாதாரண அறை வெப்பமானி ஒன்றை வைக்க வேண்டும். கணினியில் விண்டோஸ் இருந்தால் எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற இலவச மென்பொருளும், லினக்ஸ் இருந்தால் சென்சார்ஸ் என்னும் கட்டளையும் உள்ளே உள்ள வெப்பநிலைகளைக் காட்டும். நீங்கள் வழக்கமாகச் செய்யும் கடினமான வேலையை அரை மணி நேரம் ஓடவிட்டு, பிராசசர், கிராபிக்ஸ் கார்டு, ஹார்டு டிஸ்க் அல்லது எஸ்எஸ்டி ஆகியவற்றின் வெப்பநிலையையும் அதே நேரத்து அறை வெப்பநிலையையும் குறித்துக்கொள்ள வேண்டும். அறை வெப்பநிலையைக் கழித்து வரும் எண்ணே நமக்குத் தேவை. அதைக் குறிக்காமல் காலையில் ஓர் அளவும் மாலையில் ஓர் அளவும் எடுத்து ஒப்பிட்டால், கேபினெட்டின் முன்னேற்றத்தை அல்ல, வெயிலின் ஏற்ற இறக்கத்தையே நாம் அளந்திருப்போம்.

பிறகு பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு அதே சோதனையை மீண்டும் செய்ய வேண்டும். வேறுபாடு ஐந்தாறு டிகிரிக்கு மேல் இறங்கினால், கேபினெட்தான் மூச்சை அடைக்கிறது என்று பொருள், இந்தக் கட்டுரையில் சொல்லும் வேலை பலன் தரும். இறங்கவே இல்லை என்றால் குறை வேறிடத்தில் இருக்கிறது. பிராசசரின் சூட்டைக் கூலருக்குக் கடத்த அதன் மேல் தடவும் பசையான தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம், அந்தச் சூட்டை வாங்கிக் காற்றில் விடும் உலோக அடுக்கான ஹீட்சிங்கின் தகடுகளுக்கிடையே தூசி பஞ்சுபோல் அடைத்திருக்கலாம், அல்லது கூலரே அந்தப் பிராசசருக்குப் போதாததாக இருக்கலாம். அவற்றைச் சரிசெய்யாமல் தகட்டை வெட்டுவது வீண். மூன்றாவதாக, பக்கவாட்டுத் தகட்டை மாட்டிவிட்டு முகப்பை மட்டும் கழற்றி ஒருமுறை ஓடவிட வேண்டும். பெரும்பாலான கேபினெட்டுகளில் முகப்பு அடியில் கைவைத்து இழுத்தால் கிளிப்பிலிருந்து விடுபட்டு வந்துவிடும். இந்தச் சோதனையில் மட்டும் வெப்பம் நன்றாக இறங்கினால் அடைப்பு எங்கே என்பது தெளிவாகிவிடும். என்னிடம் வந்த கண்ணாடி முகப்புக் கேபினெட்டுகளில் பெரும்பாலும் இதுவே காரணமாக இருந்தது.

காற்று எங்கே போகிறது என்று கண்ணால் பார்க்க ஓர் ஊதுபத்தி போதும். வீட்டின் மின்விசிறியை நிறுத்திவிட்டு, கேபினெட்டின் ஒவ்வொரு துளைக்கும் வெளியே சற்றுத் தள்ளி, சாம்பல் உள்ளே விழாதபடி பத்தியைப் பிடித்தால், புகை உள்ளே இழுக்கப்படும் இடமும் வெளியே தள்ளப்படும் இடமும் அசையாமல் நிற்கும் இடமும் தெரியும். பின்பக்கம் வெளியேறிய சூடான காற்றே சுவரில் மோதி மீண்டும் உள்ளே நுழைவதையும் சில வீடுகளில் இப்படித்தான் கண்டேன். அங்கே எந்தத் தகட்டையும் வெட்டாமல், கணினியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்ததுமே பாதிக் குறை தீர்ந்தது. கணினியைக் கதவு வைத்த மர மேசைக்குள் அடைப்பவர்களுக்கும் இதையே சொல்வேன்.

காற்றின் பாதையைத் திட்டமிடுதல்

முன்பக்கத்தின் கீழ்ப்பகுதியில் நுழைந்து, கிராபிக்ஸ் கார்டையும் பிராசசரையும் தொட்டு, பின்பக்கத்தின் மேல்பகுதியில் வெளியேறும் பாதையே புதியவர்களுக்கு ஏற்றது. நம் பக்கத்து நாட்டுவீடுகளில் தெருவாசலில் நின்றால் கொல்லைப்புறம் தெரிவதுபோல, இந்தப் பாதையும் நேராக இருக்க வேண்டும். சூடான காற்று தானாக மேலே எழும் என்பது உண்மைதான் என்றாலும், ஃபேன் தள்ளும் விசைக்கு முன்னால் அது மிகச் சிறியது, ஆகவே அதை நம்பித் திட்டமிட வேண்டாம். மேல்தகட்டில் முன்பக்கமாக ஒரு ஃபேனை வெளிநோக்கி மாட்டுவது பலர் செய்யும் பிழை. முன்னாலிருந்து நுழைந்த குளிர்ந்த காற்றை, அது பிராசசரை அடையும் முன்பே, அந்த ஃபேன் உறிஞ்சி வெளியே விட்டுவிடும். மேலே மாட்டுவதாக இருந்தால் பின்மூலையில் மாட்ட வேண்டும்.

எவ்வளவு காற்று தேவை என்பதைத் தோராயமாகக் கணக்கிடலாம். கணினி செலவிடும் வாட்டை, நுழையும் காற்றுக்கும் வெளியேறும் காற்றுக்கும் இடையே நாம் ஏற்றுக்கொள்ளும் வெப்ப வேறுபாட்டால் வகுத்து, மூன்றால் பெருக்கினால் மணிக்கு இத்தனை கன மீட்டர் என்று விடை வரும். 300 வாட் செலவிடும் கணினியில் 10 டிகிரி வேறுபாடு போதும் என்றால், மணிக்கு 90 கன மீட்டர் தேவை. ஃபேன் அட்டைப்பெட்டியில் அச்சிடப்படும் சிஎஃப்எம், அதாவது நிமிடத்துக்கு இத்தனை கன அடி என்னும் கணக்கில் இது ஏறத்தாழ 53. சாதாரண 120 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்றின் பெட்டியிலேயே இந்த எண் இருக்கும். ஆனால் அது தடையற்ற வெளியில் அளந்த எண். கம்பிவலை, தூசி வடிகட்டி, ஹார்டு டிஸ்க் கூண்டு எல்லாம் குறுக்கே வரும்போது பாதியளவாவது குறையும் என்று வைத்துக்கொள்வது நல்லது. ஆகவே முன்னால் இரண்டும் பின்னால் ஒன்றுமாக மூன்று ஃபேன்கள் பெரும்பாலான வீட்டுக் கணினிகளுக்குப் போதும். அதற்கு மேல் மாட்டும் ஒவ்வொன்றும் இரைச்சலைத்தான் கூட்டும்.

முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உள்ளே தள்ளப்படும் காற்று வெளியே இழுக்கப்படுவதைவிடச் சற்று மிகுதியாக இருந்தால், பெட்டியின் சந்துகள் வழியாகக் காற்று வெளியே கசியுமே தவிரத் தூசி உள்ளே நுழையாது. வறண்டு கிடக்கும் பாலாற்று மணலும், நெடுஞ்சாலை லாரிகள் கிளப்பும் புழுதியும் வீட்டுக்குள் வந்து படியும் நம் பகுதியில் இது முக்கியம். நுழையும் துளைகளில் மட்டும் வடிகட்டி வைத்தால் போதும், வெளியேறும் துளையில் வைக்கக் கூடாது. சன்னலுக்கு அடிக்கும் நைலான் கொசுவலையே நல்ல வடிகட்டியாகும். இரண்டு மடிப்பாக வைத்தால் காற்று தடைபடும், ஒற்றையாகவே வைக்க வேண்டும். கணினிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித்தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் அடியில் இருந்து அதன் ஃபேன் தரையைப் பார்த்திருந்தால், கேபினெட்டுக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்குக் கால் வைத்து, தரையில் நேரே வைக்காமல் ஒரு பலகைமேல் வைப்பது நல்லது.

இரும்பை வெட்டுதல்

இந்தப் பகுதியை இரண்டு முறை படித்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மின்இணைப்பைத் துண்டித்து, மதர்போர்டு, எஸ்எம்பிஎஸ், டிஸ்க், ஃபேன், முகப்பு ஒயர்கள் என எல்லாவற்றையும் வெளியே எடுத்து, வெறும் இரும்புக் கூடாக்கிய பின்னரே வெட்ட வேண்டும். நான் முதன்முதலில் ஒரு கேபினெட்டில் துளையிட்டபோது, மதர்போர்டின் மேல் செய்தித்தாளைப் போர்த்திவிட்டால் போதும் என்று நினைத்தேன். கண்ணுக்குத் தெரியாத ஓர் இரும்புச் சுருள் நினைவக ஸ்லாட்டுக்குள் விழுந்து, கணினியை இயக்கிய நொடியிலேயே அந்த மதர்போர்டு போய்விட்டது. எல்லாவற்றையும் கழற்ற ஒரு மணி நேரம் ஆகும், அந்த ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்த முயல வேண்டாம். கழற்றும் ஸ்க்ரூக்களை வகைவாரியாகச் சிறு கிண்ணங்களில் போட்டு, ஒயர்கள் எங்கே மாட்டியிருந்தன என்பதைக் கைபேசியில் படமெடுத்துக்கொண்டால் திரும்ப மாட்டுவது எளிது. எஸ்எம்பிஎஸ்ஸின் மூடியை மட்டும் எக்காரணத்தைக் கொண்டும் திறக்கக் கூடாது. அதன் உள்ளே உள்ள மின்தேக்கிகள், இணைப்பைத் துண்டித்த பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் தேக்கி வைத்திருக்கக் கூடும்.

ஃபேனின் அளவுகள் எல்லா நிறுவனத்துக்கும் பொதுவானவை. 120 மில்லிமீட்டர் ஃபேனின் நான்கு ஸ்க்ரூ துளைகளும் ஒன்றுக்கொன்று 105 மில்லிமீட்டர் இடைவெளியில் சதுரமாக அமையும், 140 மில்லிமீட்டர் ஃபேனில் அந்த இடைவெளி 124.5. வழக்கமான ஃபேனின் தடிமன் 25 மில்லிமீட்டர். தகட்டில் கோடு போடும் முன், அட்டையில் ஃபேனின் வடிவத்தை வெட்டி, உத்தேசித்த இடத்தில் வைத்து, கிராபிக்ஸ் கார்டின் நுனி, மதர்போர்டின் ஓரம், ஒயர் இணைப்புகள் எதிலும் இடிக்காது என்று உறுதிசெய்ய வேண்டும். குறுக்கே நிற்பது பயன்படாத ஹார்டு டிஸ்க் கூண்டு என்றால், அதைப் பிடித்திருக்கும் ரிவெட்டுகளின் தலையைச் சிறு பிட்டால் துளைத்து எடுத்துவிடலாம். பழைய கேபினெட்டுகளில் அந்தக் கூண்டை எடுப்பது மட்டுமே முன்பக்கக் காற்றைக் கண்கூடாகக் கூட்டிவிடும்.

இடம் முடிவானதும் தகட்டின் இருபக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன்மேல் பென்சிலால் வட்டத்தையும் ஸ்க்ரூ துளைகளையும் வரைய வேண்டும். டேப் கோட்டைத் தெளிவாகக் காட்டுவதோடு, கருவி வழுக்கி வண்ணத்தைக் கீறாமலும் காக்கும். ஒவ்வொரு துளையின் மையத்திலும் கூர்நுனி ஆணி போன்ற சென்டர் பஞ்சை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால், டிரில் பிட் நழுவாமல் உட்காரும். முதலில் 2 அல்லது 3 மில்லிமீட்டர் பிட்டால் துளையிட்டு, பிறகு ஸ்க்ரூவுக்கான 4.5 மில்லிமீட்டர் பிட்டுக்கு மாற வேண்டும். தகட்டுக்கு அடியில் ஒரு மரப்பலகையை வைத்து, இரண்டையும் சேர்த்து கிளாம்ப் போட்டு இறுக்குவது கட்டாயம். மெல்லிய தகட்டைக் கையால் பிடித்துக்கொண்டு துளையிட்டால், பிட் மறுபக்கம் வெளிவரும் நொடியில் தகடு அதனோடு சேர்ந்து சுழன்று கையை அறுத்துவிடும். கண்ணைக் காக்கும் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொள்ள வேண்டும். வெட்டிய விளிம்புகளைக் கையாளும்போது கையுறை தேவை, ஆனால் டிரில் சுழலும்போது கையுறையோ தொளதொளப்பான சட்டைக் கையோ இருக்கக் கூடாது, அவை பிட்டில் சுற்றிக்கொள்ளும்.

பெரிய வட்டத்தை வெட்ட மூன்று வழிகள் உண்டு. டிரில்லில் மாட்டி வட்டமாக வெட்டும் 114 மில்லிமீட்டர் ஹோல் சா 120 மில்லிமீட்டர் ஃபேனுக்குப் பொருத்தமானது, குறைந்த வேகத்தில், ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, அழுத்தாமல் ஓட்டினால் வட்டம் சுத்தமாக வரும், ஆனால் அதற்கு வலுவான டிரில் வேண்டும். ஜிக்சா என்னும் மின்ரம்பம் இருந்தால், இரும்புக்கான, அங்குலத்துக்கு 24 பற்களுக்குக் குறையாத பிளேடைப் போட்டு, வட்டத்தின் உள்ளே ஒரு துளையிட்டு அங்கிருந்து தொடங்க வேண்டும். இரண்டும் இல்லாதவர்கள் வட்டக் கோட்டின் உட்புறமாக நெருக்கமாகச் சிறு துளைகளைச் சுற்றிலும் இட்டு, அவற்றுக்கிடையே உள்ள துண்டுகளை வெட்டி எடுத்து, அரைவட்ட அரத்தால் கோடுவரை தேய்த்துக்கொண்டு வரலாம். ஒரு முழு மாலைப்பொழுது பிடிக்கும் என்றாலும், புதியவர்கள் கையில் பிழை குறைவாக வருவது இந்த மூன்றாவது வழியில்தான், நான் பரிந்துரைப்பதும் இதையே. கருவிகள் வாங்க விரும்பாதவர்கள் கோடு வரைந்த தகட்டைக் கார் பாடி வேலை செய்யும் டிங்கர் பட்டறைக்கோ வெல்டிங் பட்டறைக்கோ எடுத்துச் செல்லலாம். அங்கே கேஸ் கட்டிங் மட்டும் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், இவ்வளவு மெல்லிய தகடு அந்தச் சூட்டில் நெளிந்துவிடும்.

வெட்டிய விளிம்பு கத்திக்குச் சமம். அரத்தாலும் உப்புத்தாளாலும் பிசிறு போகத் தேய்த்து, விரலில் ஒரு துணியைச் சுற்றி ஓட்டிப் பார்த்து, நூல் எங்கும் சிக்காதபோதுதான் வேலை முடிந்ததாகக் கொள்ள வேண்டும். விளிம்பில் யு வடிவ ரப்பர் பீடிங்கைப் பொருத்தினால் ஒயரும் அறுபடாது, பார்க்கவும் நேர்த்தியாக இருக்கும். கார் உதிரிபாகக் கடைகளில் கதவு ஓரத்துக்கு விற்பதே இதற்குப் போதும். கடைசியாக, பாலித்தீன் பையில் சுற்றிய ஒரு காந்தத்தை மூலை முடுக்கெல்லாம் ஓட்டி இரும்புத் துகள்களை எடுத்து, வெறும் கூட்டைச் சோப்பு நீரில் கழுவி, உடனே துடைத்து வெயிலில் உலர்த்த வேண்டும். அந்த ஒரு காரியத்துக்கு நம் ஊர் வெயில் மிக நன்றாக உதவும்.

முகப்பு: கோலமும் காற்றும்

கேபினெட்டின் அழகு அதன் முகப்பில்தான் இருக்கிறது, காற்று நுழைவதும் அங்கேதான். ஆகவே இரண்டையும் ஒரே வேலையாகச் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கண்ணாடியையோ பிளாஸ்டிக் பலகையையோ எடுத்துவிட்டு, அந்த இடத்தில் துளையிட்ட தகடு ஒன்றைப் பொருத்தலாம். துளைகளை எப்படி அடுக்குவது என்ற கேள்விக்கு நம் வாசல் கோலத்திலேயே விடை இருக்கிறது. 5 மில்லிமீட்டர் துளைகளை மையத்துக்கு மையம் 7 மில்லிமீட்டர் இடைவெளியில் நேர்ப்புள்ளியாக, சதுர வரிசையில் வைத்தால், தகட்டின் பரப்பில் ஏறத்தாழ 40 விழுக்காடு திறப்பாக அமையும். அதே துளையை, அதே இடைவெளியில், ஒரு வரிசையின் இரு புள்ளிகளுக்கு நடுவே அடுத்த வரிசையின் புள்ளி வரும்படி இடைப்புள்ளியாக வைத்தால், திறப்பு 46 விழுக்காடாக உயரும். தகட்டின் வலிமையும் குறைவதில்லை, காற்றுக்கு மட்டும் வழி கூடுகிறது. கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் துளைத்தகடுகள் பலவும் இடைப்புள்ளி அடுக்கிலேயே வருவதைக் கவனித்திருப்பீர்கள்.

கையால் துளையிட நினைப்பவர்கள் எண்ணிக்கையையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேனின் வட்டத்தை மட்டும் இந்த அடுக்கில் நிரப்ப ஏறத்தாழ 265 துளைகள் வேண்டும். ஒன்று சற்றே விலகினாலும் கண்ணில் உறுத்தும். எனவே ஃபேனுக்கு எதிரே முழு வட்டத்தையும் வெட்டித் திறந்துவிட்டு, அதன்மேல் மெல்லிய கம்பிவலையைப் பின்னாலிருந்து பொருத்தி, கோலத்தின் இழையை மட்டும் வலைக்கு முன்னால் ஒரு தனித் தகடாக அமைப்பது நல்ல வழி. சிக்குக் கோலத்தின் ஒற்றை இழை வளைந்து வளைந்து சென்று தொடங்கிய இடத்திலேயே முடிவதால், அதைத் தகட்டில் வெட்டும்போது துண்டு துண்டாக விழாமல் ஒரே பொருளாக நிற்கும். இழையின் அகலம் 4 மில்லிமீட்டருக்குக் குறையாமலும், வலைக்கும் இழைக்கும் இடையே சிறிது இடைவெளி இருக்கும்படியும் வைத்தால் காற்றுக்குத் தடை மிகக் குறைவு. லேசரால் தகடு வெட்டித்தரும் பட்டறைக்கு வரைபடத்தைக் கொடுத்தால் ஒரே நாளில் வாங்கிவிடலாம். ஃபேனின் இறக்கைக்கும் வலைக்கும் இடையே ஒரு சென்டிமீட்டர் விட முடிந்தால் இரைச்சலும் நன்றாகக் குறையும்.

ஆம்பூர், இராணிப்பேட்டை, பேரணாம்பட்டுப் பக்கம் உறவினர் உள்ளவர்களுக்குத் தோல் துண்டுகள் எளிதில் கிடைக்கும். ஃபேனுக்கும் தகட்டுக்கும் இடையே தோல் வாசர் வைத்தால் அதிர்வு தகட்டுக்கு ஏறாது. மேல்தகட்டில் தூக்குவதற்கு ஒரு தோல் பிடி வைப்பதும், காலடியில் தோல் ஒட்டுவதும் கேபினெட்டுக்கு ஒரு தனி முகத்தைத் தரும். காற்று செல்லும் இடத்தை மட்டும் தோலால் மூடக் கூடாது.

பக்கவாட்டில் சன்னல் வைக்க விரும்புவோர் 3 மில்லிமீட்டர் அக்ரிலிக் ஷீட்டைப் பயன்படுத்தலாம். அதன்மேல் ஒட்டியிருக்கும் காகிதத்தைக் கடைசிவரை உரிக்காமல், மெதுவாகத் துளையிட்டு, துளையை ஸ்க்ரூவைவிட அரை மில்லிமீட்டர் பெரிதாக வைத்தால் விரிசல் விடாது.

வண்ணம் பூசுதல்

இங்கே பொறுமையும் பருவமும் இரண்டும் வேண்டும். கழுவி உலர்த்திய தகட்டை 400 எண் உப்புத்தாளால் பளபளப்பு மறையும்வரை தேய்த்து, தூசியைத் துடைத்து, பிரைமர் அடித்து, அது காய்ந்ததும் மறுபடி இலேசாகத் தேய்த்து, அதன்பிறகே வண்ணத்தைத் தொட வேண்டும். ஸ்ப்ரே டப்பாவை ஒரு சாணுக்குச் சற்று மிகுதியான தூரத்தில், ஏறக்குறைய 25 சென்டிமீட்டரில் பிடித்து, கையை நிறுத்தாமல் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஓட்ட வேண்டும். ஒரே கனமான பூச்சு வழிந்துவிடும், நான்கு மெல்லிய பூச்சுகளை 15 நிமிட இடைவெளியில் அடித்தால் சீராக உட்காரும். நம் ஊரில் ஏப்ரல், மே நண்பகலில் மொட்டைமாடியில் அடிப்பவர்கள், வண்ணம் தகட்டைத் தொடும் முன்பே காற்றில் காய்ந்து சொரசொரப்பான பொடியாகப் படிவதைக் காண்பார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அடித்தாலோ ஈரக்காற்றால் பூச்சு வெளுத்து மங்கும். தை, மாசியில் பனி விலகிய காலை ஒன்பது மணிக்கு மேல், காற்று எழும் முன், நிழலில் அடித்தபோதே எனக்கு நல்ல பூச்சு கிடைத்தது. கடைசியில் நிறமற்ற கிளியர் கோட் அடித்து, ஒரு வாரம் தொடாமல் வைத்தால் கீறல் எளிதில் விழாது. வண்ணப் பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கிப் படியவைக்கும் பவுடர் கோட்டிங்குக்குக் கொடுப்பதானால், அது 180 டிகிரிக்கு மேல் அடுப்பில் வேகும் என்பதால், பிளாஸ்டிக், ரப்பர் எதுவும் மிச்சமில்லாமல் கழற்றிக் கொடுக்க வேண்டும்.

வண்ணம் படக் கூடாத இடங்களும் உண்டு. மதர்போர்டு உட்காரும் பித்தளைத் தாங்கிகளின் அடி, எஸ்எம்பிஎஸ் பொருந்தும் தகட்டு முகம், பின்பக்க இணைப்புத் தகட்டின் விளிம்பு ஆகியவற்றை மாஸ்கிங் டேப்பால் மூடிவிட வேண்டும். கேபினெட் முழுவதும் எர்த்துடன் தொடர்பில் இருப்பது இந்த வெற்று இரும்புத் தொடுகையால்தான். வீட்டு பிளக்கில் எர்த் சரியாக இல்லாவிட்டால், எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளமைப்பு காரணமாகவே வெளித்தகட்டில் மின்சாரம் இலேசாகக் கடிப்பதை உணரலாம். அது எளிதாகக் கடந்துபோக வேண்டிய குறை அன்று. எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதிக்கச் செய்ய வேண்டும். கோடையில் எர்த் குழி வறண்டுபோகும் வீடுகளில் அதில் அவ்வப்போது தண்ணீர் ஊற்றுவதும் அவசியம்.

திரும்ப மாட்டுதல்

ஃபேனின் திறந்த முகத்தில் காற்று நுழைந்து, குறுக்குச் சட்டங்களும் ஸ்டிக்கரும் உள்ள முகத்தில் வெளியேறும். முன்பக்க ஃபேன்களின் ஸ்டிக்கர் முகம் கேபினெட்டின் உட்பக்கம் பார்த்தும், பின்பக்க ஃபேனுடையது வெளியே பார்த்தும் இருக்க வேண்டும். ஒயர்களை மதர்போர்டுக்குப் பின்னால் கொண்டுசென்று டேக் போட்டுக் கட்டினால் காற்றுப் பாதை திறந்திருக்கும். மதர்போர்டின் ஒரு ஃபேன் இணைப்பு பெரும்பாலும் ஓர் ஆம்பியர் மட்டுமே தாங்கும், ஆகவே பிரிப்பான் போட்டுப் பல ஃபேன்களை மாட்டும் முன் ஒவ்வொரு ஃபேனின் ஆம்பியரையும் கூட்டிப் பார்க்க வேண்டும். வண்ண விளக்குகளில் நான்கு ஊசி வகை 12 வோல்ட்டிலும், மூன்று ஊசி வகை 5 வோல்ட்டிலும் ஓடுபவை. 5 வோல்ட் விளக்குப் பட்டையை 12 வோல்ட்டில் செருகினால் அந்த நொடியிலேயே எரிந்துவிடும், எனவே மதர்போர்டில் அச்சிட்டிருப்பதைப் படித்த பிறகே செருக வேண்டும்.

கணினி இயங்கத் தொடங்கும்போது திறக்கும் அமைப்புப் பக்கமான பயாஸில் ஃபேன் வேகத்தை அமைக்கும்போது, பிராசசர் 50 டிகிரி வரை இருந்தால் குறைந்த வேகம், 80 டிகிரியில் முழு வேகம் என்று வைத்தால், குளிர்ந்த நாட்டு அறைக்கு அது சரியாக இருக்கலாம். இங்கே கோடையில் கணினி சும்மா இருக்கும்போதே 50 டிகிரியைத் தொட்டுவிடுவதால், ஃபேன் ஓயாமல் ஏறி இறங்கும். கீழெல்லையை 60 டிகிரிக்கு உயர்த்தினால் அந்த ஏற்ற இறக்கம் நின்றுவிடும். பிறகு முதல் நாள் செய்த அதே அரை மணி நேரச் சோதனையைச் செய்து, அறை வெப்பநிலையைக் கழித்து, நோட்டில் பழைய எண்ணுக்குப் பக்கத்தில் எழுத வேண்டும். ஏர் கூலர் உள்ள வீடுகளில் அதன் ஈரக்காற்று நேராகக் கேபினெட்டின் முகப்பில் படாதபடி திசையை மாற்றி வைப்பது நல்லது.

கொசுவலை வடிகட்டியைக் கோடையில் பதினைந்து நாளுக்கு ஒருமுறையும் மற்ற மாதங்களில் மாதம் ஒருமுறையும் கழற்றிக் கழுவி, நன்றாக உலர்த்தி மாட்ட வேண்டும். உள்ளே புளோயரால் ஊதும்போது ஃபேனின் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், கட்டற்றுச் சுழலவிட்டால் பேரிங் கெட்டுவிடும். ஒவ்வொரு பங்குனிக் கடைசியிலும் அந்த அரை மணி நேரச் சோதனையை ஒருமுறை செய்து நோட்டில் அடுத்த வரியில் எழுதி வைத்தால், தெர்மல் பேஸ்ட் காயத் தொடங்கியிருந்தால் அது கத்திரி வெயில் வருவதற்கு முன்பே எண்ணில் தெரிந்துவிடும், மாற்றுவதற்கும் மூன்று வாரம் கையில் இருக்கும்.